விடுமுறை விடுதியும் வாடகைக் காரும்: குடும்பப் பயணத்தின் ஒரு கேள்வி

கேள்வியும் அதன் எல்லையும்

குடும்பத்தோடு விடுமுறைக்குச் செல்வோர் விமானச் சீட்டையும் அறையையும் பதிவு செய்து முடித்த பிறகு எஞ்சி நிற்கும் முடிவுகளில் பெரியது, தங்கும் நாள்களுக்கு ஒரு வாடகைக் காரை எடுப்பதா வேண்டாமா என்பதாகும். இம்முடிவு பெரும்பாலும் பழக்கத்தின் வழியே எடுக்கப்படுகிறது. சொந்த ஊரில் காரில் சென்று பழகியவர் வெளியூரிலும் அது இல்லாமல் ஆகாது என்று கருதுகிறார்; டாக்சியில் சென்று பழகியவர் அறியாத சாலையில் வண்டி ஓட்டுவதை வீண் வம்பு என்று ஒதுக்கிவிடுகிறார். ஆனால் ஒரே குடும்பத்துக்கு ஓர் ஊரில் கார் கை கொடுப்பதாகவும், மற்றோர் ஊரில் நாள் முழுதும் நிறுத்துமிடத்தில் நின்று வாடகையை மட்டும் வாங்கிக்கொள்வதாகவும் அமைவதைக் காணும்போது, விடையைத் தீர்மானிப்பதில் குடும்பத்தின் பழக்கத்தைவிட, தங்கும் விடுதி தன் சுற்றுப்புறத்தோடு கொண்டுள்ள உறவுக்கே பெரும்பங்கு உண்டு என்பது புலப்படும். அவ்வுறவை அமெரிக்காவின் ஆர்லாண்டோ, இந்தியாவின் கோவா, தமிழ்நாட்டின் நீலகிரி ஆகிய மூன்று இடங்களை முன்வைத்து ஆராய்ந்து, செலவு, குடும்ப அமைப்பு, சட்டப் பொறுப்பு ஆகியவற்றையும் சேர்த்து எடைபோட்டு, முடிவெடுக்கும் முறை ஒன்றை வகுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரிசார்ட் என்று வழங்கும் விடுமுறை விடுதி, உறங்க இடம் தருவதோடு நில்லாமல் உணவு, நீச்சல் குளம், விளையாட்டு, சிறுவர்க்கான பொழுதுபோக்கு ஆகியவற்றையும் தன் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கும் விடுதியாகும். வாடகைக் கார் என்ற பெயரின் கீழ் மூன்று வேறு ஏற்பாடுகள் அடங்குகின்றன. முதலாவது, வாடகைக்கு எடுப்பவரே ஓட்டும் செல்ஃப் டிரைவ் கார். இரண்டாவது, ஓட்டுநரோடு நாள் கணக்கிலோ கிலோமீட்டர் கணக்கிலோ அமர்த்தப்படும் கார். மூன்றாவது, ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே அழைக்கப்படும் டாக்சி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இக்கேள்வி முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான தேர்வாகவே பேசப்படுகிறது. இந்தியாவில் இரண்டாவது ஏற்பாடு எளிதில் கிடைப்பதோடு விலையிலும் எட்டக்கூடியதாக இருப்பதால், மேலைநாட்டுப் பயண நூல்களின் அறிவுரையை அப்படியே இங்குப் பொருத்த இயலாது.

எதிரெதிர் நோக்குள்ள இரு தொழில்கள்

இக்கேள்வி ஏன் எழுகிறது என்பதற்கு இரண்டு தொழில்களின் வரலாற்றில் விளக்கம் உண்டு. 1918-இல் வால்டர் ஜேக்கப்ஸ் என்பவர் சிகாகோவில் ஒரு டஜன் ஃபோர்டு மாடல் டி கார்களைக் கொண்டு வாடகைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். 1923-இல் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கியபோது அவருடைய பெயரே அத்தொழிலின் பெயராக நிலைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல் வாரன் ஏவிஸ் என்பவர் டெட்ராய்ட் அருகிலுள்ள வில்லோ ரன் விமான நிலையத்தில் தம் வாடகை நிலையத்தைத் திறந்தார். விமானத்தில் வந்திறங்கும் பயணிக்கு அங்கேயே கார் கிடைக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் தொழிலின் வடிவத்தையே மாற்றியது. விமான நிலையத்தில் எடுத்து, விமான நிலையத்திலேயே திருப்பிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டதால், பயணத்தின் முதல் மணி முதல் கடைசி மணி வரை கார் கையில் இருப்பதே இயல்பு என்ற எண்ணம் வேரூன்றியது. தேவைப்படும் நாள்களுக்கு மட்டும் கார் எடுக்கலாம் என்பது பலருக்குத் தோன்றாமல் போவதற்கு இவ்வழக்கமே முதற்காரணமாகும்.

ஏவிஸ் தொடங்கிய நான்கே ஆண்டுகளில், 1950-இல், ஜெரார் பிளிட்ஸ் என்பவர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்களை அமைத்துக் கிளப் மெட் என்னும் விடுமுறைக் குடியிருப்பைத் தொடங்கினார். தங்குமிடம், உணவு, விளையாட்டு அனைத்துக்கும் ஒரே தொகையை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் அம்முறை, விருந்தினர் வளாகத்தை விட்டு வெளியேறத் தேவையில்லை என்ற கருத்தின்மேல் எழுந்தது. 1972-இல் குரும்பா தீவில் தொடங்கிய மாலத்தீவின் சுற்றுலாத் தொழில் அக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. அங்கு ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே வழக்கமாகையால், விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகோ கடல் விமானமோ ஏறிச் சேரும் குடும்பத்துக்குக் கார் என்ற கேள்வியே எழுவதில்லை. ஆக, வாடகைக் கார்த் தொழில் விருந்தினரை வெளியே அழைத்துச் செல்வதில் வருவாய் காண்கிறது. விடுமுறை விடுதி அவரை உள்ளேயே வைத்துக்கொள்வதில் வருவாய் காண்கிறது. கார் தேவை என்றோ தேவையில்லை என்றோ பயணிக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பலவும் இவ்விரு நலன்களில் ஒன்றிலிருந்து பிறப்பவையாதலால், அவற்றைக் கேட்கும்போது சொல்பவர் யார் என்பதையும் கருத்தில் கொள்வது நலம்.

ஆர்லாண்டோ: கார் இல்லாமல் வாழக் கட்டப்பட்ட வளாகம்

ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகில் 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு, ஏறத்தாழ 25,000 ஏக்கர் பரப்பில் நான்கு பெரிய கேளிக்கைப் பூங்காக்களையும் நீர் விளையாட்டுப் பூங்காக்களையும் பல விடுதிகளையும் கொண்டது. ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்லும் தொலைவு பெரும்பாலும் இல்லாததால், பேருந்து, படகு, 1971 முதலே இயங்கிவரும் மோனோரயில், 2019 செப்டம்பரில் தொடங்கிய ஸ்கைலைனர் என்னும் கம்பிவடப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு ஒரு போக்குவரத்து வலையை நிறுவனமே நடத்துகிறது. இவற்றில் ஏறக் கட்டணம் இல்லை. அவ்வளாகத்தின் விடுதியில் தங்கி, அதன் பூங்காக்களை மட்டுமே காண விரும்பும் குடும்பம் ஒரு வாரத்தையும் கார் இல்லாமலேயே கழித்துவிட முடியும்.

இவ்வலை எத்தகைய கணக்கோடு பின்னப்பட்டது என்பதை விமான நிலையப் பேருந்தின் வரலாறு காட்டுகிறது. 2005-இல் தொடங்கப்பட்ட மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் என்னும் சேவை, ஆர்லாண்டோ விமான நிலையத்தில் இறங்கியவரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டிஸ்னி விடுதிக்குக் கட்டணமின்றிக் கொண்டு சேர்த்தது. விமான நிலையத்தில் கார் எடுக்காத குடும்பம், அருகிலுள்ள யுனிவர்சல் போன்ற போட்டிப் பூங்காக்களுக்குச் சென்று ஒரு நாளையும் அந்நாளின் செலவையும் அங்கே விட்டுவரும் வாய்ப்புக் குறைவு என்பதால், இலவசப் பேருந்தின் செலவு வேறு வழியில் ஈடானது. செயலி வழியாக அழைக்கும் கார்கள் பெருகிய பின்னர், 2022 ஜனவரியில் அச்சேவை முடிவுக்கு வந்தது. அதேபோல், விடுதி விருந்தினர் இரவில் காரை நிறுத்துவதற்கு 2018-இல் கட்டணம் விதிக்கப்பட்டு, 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது. நான்கைந்து ஆண்டு இடைவெளியில் காருக்கு எதிராகவும் சார்பாகவும் விதிகள் இவ்வாறு மாறியதிலிருந்து, முந்தைய பயணியின் அனுபவத்தை இன்றைய முடிவுக்கு அப்படியே ஆதாரமாகக் கொள்ள இயலாது என்பது தெளிவாகிறது.

டிஸ்னி வளாகத்துக்குள்ளும் கார் எப்போதும் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. மேஜிக் கிங்டம் பூங்காவுக்குக் காரில் செல்வோர் வாயிலருகே நிறுத்த இயலாது. ஏரிக்கு மறுபுறமுள்ள பெரிய நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து படகிலோ மோனோரயிலிலோ ஏறி வாயிலை அடைய வேண்டும். விடுதிப் பேருந்தோ நேரே வாயிலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. மாறாக, ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதியின் உணவகத்துக்குச் செல்ல வேண்டுமானால், பல இடங்களில் நேரடிப் பேருந்து இல்லாமையால் ஒரு பூங்கா வழியாக வண்டி மாற வேண்டியிருக்கும்; அங்கே கார் கால்மணி நேரத்தில் சேர்த்துவிடும்.

வேலியைத் தாண்டியதும் நிலை மாறுகிறது. 2025 மே 22 அன்று திறக்கப்பட்ட எபிக் யுனிவர்ஸ் உள்ளிட்ட யுனிவர்சல் பூங்காக்கள், கிழக்கே கடற்கரையில் அமைந்துள்ள கென்னடி விண்வெளி மையம், மேற்கே மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய கடற்கரைகள் ஆகியவற்றைத் திட்டத்தில் சேர்க்கும் குடும்பத்துக்குப் பொதுப் போக்குவரத்து அநேகமாகப் பயன்படாது. மளிகை வாங்கிச் சமைத்து உண்ணும் எண்ணத்தோடு வளாகத்துக்கு வெளியே வாடகை வீடு எடுப்போர்க்கும் இதே நிலைதான். எனவே ஆர்லாண்டோவில் கேள்வி, எத்தனை நாள்கள் வேலிக்கு வெளியே கழியும் என்பதாகச் சுருங்குகிறது.

கோவா: கார் இல்லாதவர்க்கு இடர் தரும் ஊர்

கோவாவின் விடுதிகள் ஒரே நிறுவனத்தின் நிலத்தில் அமைந்தவை அல்ல. வடக்கே அரம்போல் முதல் தெற்கே பாலோலெம் வரை கடற்கரை நெடுகப் பரவிக் கிடக்கின்றன. டபோலிம் விமான நிலையத்தோடு, வடக்கே மோபாவில் 2023 ஜனவரி முதல் மற்றொரு விமான நிலையமும் இயங்கிவருவதால், எங்கே இறங்குகிறோம், எங்கே தங்குகிறோம் என்பதைப் பொறுத்து முதற்பயணமே அரை மணியாகவும் அமையலாம், இரண்டு மணிக்கு மேலும் நீளலாம். கதம்பா போக்குவரத்துக் கழகமும் தனியார் பேருந்துகளும் ஊர்களை இணைத்தாலும், பெட்டிகளோடும் குழந்தைகளோடும் கடற்கரை விடுதியின் வாசல்வரை செல்வதற்கு அவை ஏற்றவையல்ல.

கார் குறித்த கேள்வி இங்குக் கூர்மையடைவதற்கு டாக்சித் தொழிலின் அமைப்பே காரணம். பிற மாநிலங்களில் பரவலாக இயங்கும் ஓலா, ஊபர் செயலிகள் உள்ளூர் டாக்சி உரிமையாளர்களின் எதிர்ப்பால் கோவாவில் காலூன்ற முடியவில்லை. 2018-இல் அரசின் ஆதரவோடு தொடங்கிய கோவா மைல்ஸ் என்னும் செயலியும் அதே எதிர்ப்பைச் சந்தித்தது. விடுதி வாயிலில் நிற்கும் உள்ளூர் டாக்சிகள் அந்த இடத்தைத் தமக்கு உரியதாகக் கருதுவதால், பயணிக்கு விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் குறைந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் பேரம் பேச விரும்பாத குடும்பத்தைச் செல்ஃப் டிரைவ் காரை நோக்கித் தள்ளுவது இந்நிலையே; ஊரின் நில அமைப்பைவிட இங்குக் காரின் தேவையை உருவாக்குவது சந்தையின் அமைப்பாகும்.

ஆயினும் கோவாவில் கைக்கு வரும் எல்லாக் காரும் சட்டப்படி வாடகைக்கு உரியதன்று. இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் எண்பலகை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாகவும், டாக்சியினுடையது மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தாகவும், வாடகைதாரரே ஓட்டும் காரினுடையது கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாகவும் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவோர் சுற்றுலாத் தலங்களில் உண்டு. அத்தகைய வண்டி விபத்துக்குள்ளானால், சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்பீட்டின் நிபந்தனை மீறப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. வாடகையில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக இந்த இடரை ஏற்பது குடும்பப் பயணத்துக்குப் பொருந்தாது.

நீலகிரி: கார்களைக் கட்டுப்படுத்தும் மலை

நீலகிரியில் கேள்வி மூன்றாவது வடிவம் கொள்கிறது. உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களின் விடுதிகளில் பல, ஊரைவிட்டு விலகித் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருப்பதால், வண்டி இல்லாமல் அங்கிருந்து வெளியே வருவது கடினம். ஆனால் கோடைப் பருவத்தில் மலைச்சாலைகள் தாங்கும் அளவைக் கார்கள் தாண்டிவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இணையத்தில் இ-பாஸ் என்னும் முன் அனுமதி பெற வேண்டியதாயிற்று. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்துக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஆகவே கோடையில் காரில் செல்வதென்று முடிவு செய்யும் குடும்பம், வண்டியோடு அனுமதியையும் உறுதி செய்துகொண்டாக வேண்டும்.

மலைச்சாலை ஓட்டுதல் சமவெளி ஓட்டுதலின் நீட்சி அன்று. உதகையிலிருந்து இறங்கும் கல்லட்டி மலைப்பாதையிலுள்ள 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிச் செயலிழக்கும். ஏறும்போது பயன்படுத்தும் குறைந்த கியரிலேயே இறங்கி, எஞ்சினின் இழுப்பால் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதும் மலையில் ஓட்டுவோர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள். இப்பழக்கம் இல்லாதவர், முன்பின் அறியாத வாடகைக் காரில் முதன்முறையாக மலையேறுவதைவிட, மலை ஓட்டத்தில் கைதேர்ந்த உள்ளூர் ஓட்டுநரோடு வண்டியை அமர்த்துவதே பொருத்தமாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் செல்லும் மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டி, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதில் ஏறிச் செல்லும் குடும்பத்துக்குப் பயணமே ஒரு நாளின் நிகழ்ச்சியாகிவிடுவதால், அன்றைக்குக் கார் வைத்திருப்பது வீண்.

மூன்று இடங்களுக்கும் பொதுவான கூறு ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பயணத்தின் உச்சமாகக் கருதப்படும் காட்சி, பல நேரங்களில் வாடகைக் கார் எட்ட முடியாத இடத்திலேயே இருக்கிறது. மேஜிக் கிங்டத்தின் கடைசிக் கட்டத்தைப் படகோ மோனோரயிலோ கடக்கிறது. கோவாவின் தூத்சாகர் அருவிக்குக் குலெம் ஊரிலிருந்து அனுமதி பெற்ற ஜீப்புகளே காட்டுவழி செல்கின்றன. முதுமலைக் காட்டுக்குள் வனத்துறையின் வண்டியில்தான் உலா வர முடியும். காரை எடுத்தாலும் இச்செலவுகள் தனியே இருக்கும் என்பதைக் கணக்கிடும்போது மறந்துவிடக் கூடாது.

செலவுக் கணக்கு

காரின் செலவை அதன் நாள் வாடகையோடு நிறுத்திக்கொள்வது பொதுவான பிழையாகும். எரிபொருள், சுங்கச்சாவடிக் கட்டணம், நிறுத்தக் கட்டணம், காப்பீட்டுக் கூடுதல், குழந்தை இருக்கை வாடகை, இரண்டாவது ஓட்டுநரைச் சேர்க்கும் கட்டணம், கிலோமீட்டர் வரம்பைத் தாண்டினால் கூடுதல் ஆகியன வாடகையோடு சேர்கின்றன. ஃபுளோரிடாவின் சுங்கச்சாலைகள் பலவற்றில் ரொக்கம் வாங்கப்படுவதில்லை. எண்பலகையைப் படம் பிடித்து வாடகை நிறுவனத்துக்கு அனுப்பும் கட்டணத்தோடு, அந்நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வசூலிக்கிறது. இந்தியாவில் ஓட்டுநரோடு அமர்த்தும் வண்டிக்கு ஓட்டுநர் பேட்டா, அதாவது அவருடைய அன்றாட உணவுச் செலவுக்கான தொகை, தனி. வெளியூர்ப் பயணத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிடும் வழக்கமும் இருப்பதால், மலைமேல் வண்டியை நிறுத்திவைத்திருக்கும் நாளுக்கும் ஓடிய நாளுக்கும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கொடுக்க நேரும்.

கணக்கின் போக்கைக் காட்ட, எடுத்துக்காட்டாகச் சில தொகைகளை வைத்துக்கொள்ளலாம். கோவாவில் ஐந்து நாள் தங்கும் குடும்பத்துக்குச் செல்ஃப் டிரைவ் கார் எரிபொருளோடு நாளொன்றுக்கு ரூ. 2,500, விமான நிலைய டாக்சி ஒரு வழிக்கு ரூ. 2,000, ஓட்டுநரோடு ஒரு நாள் வண்டி ரூ. 3,500 என்று கொள்வோம். ஐந்து நாளும் கார் வைத்திருந்தால் ரூ. 12,500 ஆகிறது. இரண்டு நாள் மட்டும் ஊர் சுற்ற விரும்பும் குடும்பம், போகவர டாக்சியும் இரண்டு நாள் ஓட்டுநர் வண்டியும் எடுத்தால் ரூ. 11,000-இலும், அதே டாக்சியோடு அவ்விரண்டு நாளுக்கு மட்டும் விடுதியருகே செல்ஃப் டிரைவ் கார் எடுத்தால் ரூ. 9,000-இலும் முடித்துக்கொள்ளலாம். சுற்றும் நாள்கள் மூன்றானால் ஓட்டுநர் வண்டி ரூ. 14,500 ஆகி ஐந்து நாள் காரைவிடக் கூடிவிடுகிறது. சுற்றும் நாள்களுக்கு மட்டும் எடுக்கும் கார் ரூ. 11,500-இல் இன்னும் குறைவாகவே நிற்கிறது. நான்கு நாளானால் அதுவும் ரூ. 14,000-ஐத் தொடுவதால், தொடக்கத்திலிருந்தே கார் எடுப்பது மேல். தொகைகள் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆனால் சுற்றும் நாள்கள் கூடக்கூட ஒரு கட்டத்தில் விடை புரண்டுவிடும் என்பதும், அக்கட்டத்தைப் பயணத்துக்கு முன்பே கண்டுகொள்ளலாம் என்பதும் மாறுவதில்லை.

காலத்துக்குக் காலம் வாடகை மாறுவதற்கு 2021-ஆம் ஆண்டு ஒரு சான்று. பெருந்தொற்றின் தொடக்கத்தில் வருவாய் இழந்த அமெரிக்க வாடகை நிறுவனங்கள் தம் கார்களைப் பெருமளவில் விற்றன. ஹெர்ட்ஸ் நிறுவனம் 2020 மே மாதத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. அடுத்த ஆண்டு பயணிகள் திரும்பியபோது கார்கள் இல்லாமையால் வாடகை பன்மடங்காகி, ஹவாய்த் தீவுகளில் வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிகளைச் சிலர் வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றும் நிலை வந்தது. பொதுப் போக்குவரத்துக் குறைந்த தீவில், காரை நம்பித் திட்டமிட்ட குடும்பத்துக்குக் கார் கிடைப்பதே உறுதியற்றதாகலாம் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

குடும்பத்தின் அமைப்பு

ஒரே ஊரில், ஒரே விடுதியில் தங்கும் இரு குடும்பங்களுக்கும் விடை வேறுபடுவதற்கு உறுப்பினர்களின் எண்ணிக்கையும் வயதும் காரணமாகின்றன. நால்வர் வரை ஒரு சாதாரண டாக்சியில் அடங்குவர். ஐந்தாவது ஆள் சேர்ந்தவுடன் பெரிய வண்டி தேவைப்பட்டு, ஒவ்வொரு பயணத்தின் கட்டணமும் ஒரு படி உயர்கிறது. தாத்தா பாட்டியும் உடன்வரும் கூட்டுக் குடும்பத்துக்கு டாக்சிக் கணக்கு விரைவில் கைமீறுவதால், ஏழு பேர் அமரும் ஒரே வண்டியை நாள் கணக்கில் வைத்திருப்பது பல நேரங்களில் சிக்கனமாகும்.

கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்குக் கார் வேறொரு வகையில் பயன்படுகிறது. பகல் உறக்கத்துக்காக விடுதி திரும்புவதும், குழந்தையின் பொருள்களைச் சுமக்காமல் வண்டியிலேயே வைத்திருப்பதும், உடல்நலம் குன்றினால் காத்திராமல் மருத்துவமனை செல்வதும் எளிதாகின்றன. டிஸ்னி பேருந்தில் ஏறுவோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளுவண்டியை மடித்தாக வேண்டும். நாள் முடிவில் உறங்கும் குழந்தையோடு இதைச் செய்வது பெற்றோர்க்குச் சிறிய வேலையன்று. முழங்கால் வலியுள்ள முதியோர்க்கோ நிலை எதிர்மாறாக அமையலாம். நிறுத்துமிடத்திலிருந்து நடக்கும் தொலைவு அவர்களுக்கே பெருஞ்சுமையாவதால், வாசலில் இறக்கி வாசலில் ஏற்றும் ஓட்டுநர் வண்டி அவர்களுக்கு உகந்தது.

ஓட்டுபவரின் விடுமுறையும் கணக்கில் சேர வேண்டியதே. ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்த குடும்பத்தில், செல்ஃப் டிரைவ் கார் என்பது அவருக்கு நாள்தோறும் ஒரு பணியைச் சுமத்துகிறது. மது அருந்தும் வழக்கமுடையவரானால் அவர் அதை விட்டாக வேண்டும். இந்தியச் சட்டம் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி ஓட்டுவதைக் குற்றமாகக் கொள்கிறது.

சட்டமும் பொறுப்பும்

வாடகைதாரரே ஓட்டும் தொழிலை இந்தியாவில் நெறிப்படுத்த, மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் 1989-இல் ரென்ட் எ கேப் திட்டம் வகுக்கப்பட்டது. உரிமம் பெறும் நிறுவனம் குறைந்தது 50 வண்டிகளை வைத்திருக்க வேண்டும் என்ற அத்திட்டத்தின் விதி சிறு உரிமையாளர்களை வெளியே நிறுத்தியது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான இருக்கையோ இல்லாமல் பயணித்தால் ரூ. 1,000 அபராதம் உண்டு. ஃபுளோரிடாவில் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை அமைப்புக் கட்டாயம்.

வெளிநாட்டில் ஓட்டும் இந்தியர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெறலாம். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அது ஓராண்டு செல்லும், மூல உரிமத்தோடு சேர்ந்தே மதிப்புடையது. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் அமெரிக்காவில் வலப்பக்கத்துக்கு மாற வேண்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்த களைப்பில், இரவு நேரத்தில் அம்மாற்றத்தைத் தொடங்குவது விவேகமன்று. மலேசியாவின் லங்காவித் தீவு போன்று இடப்பக்கம் ஓட்டும் இடங்களில் இச்சிக்கல் இல்லை. அங்குப் பேருந்து வசதி மிகக் குறைவு. சாலைகளில் நெரிசலும் குறைவு. எனவே முதன்முறை வெளிநாட்டில் ஓட்ட விரும்பும் தமிழ்க் குடும்பத்துக்கு அது ஏற்ற களமாகும்.

காப்பீட்டில் இரண்டு பொறுப்புகளைப் பிரித்தறிய வேண்டும். வாடகைக் காருக்கு ஏற்படும் சேதத்தை ஏற்கும் பொறுப்பு ஒன்று. பிறருடைய உயிருக்கும் உடைமைக்கும் ஏற்படும் இழப்பை ஏற்கும் பொறுப்பு மற்றொன்று. அமெரிக்க நிறுவனங்கள் நாள் கட்டணத்துக்கு விற்கும் சேத விலக்கு என்பது, காருக்கான சேதத்தை வாடகைதாரரிடம் கோருவதில்லை என்ற ஒப்பந்தமே. பிறர்க்கு ஏற்படும் இழப்பு அதில் அடங்காது. அமெரிக்கர் தம் சொந்தக் காரின் காப்பீட்டை வாடகைக் காருக்கும் நீட்டித்துக்கொள்ள முடிவதால் இக்கூடுதல்களை வேண்டாமென்பர். அங்கே காப்பீடு இல்லாத வெளிநாட்டுப் பயணி அவரைப் பின்பற்றினால் பெரும் இடருக்கு ஆளாவார்.

நாள்வாரி முடிவு

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், பயணம் முழுமைக்கும் கார் வேண்டுமா என்ற கேள்வியே விடைகாணத் தடையாக நிற்பது தெரியவரும். விமான நிலையத்தில் பிறந்த வாடகைத் தொழில் முழுப் பயணத்தையும் ஒரே அலகாக்கியது. குடும்பமோ நாளை அலகாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளையும் தனித்தனியே எழுதி, அது விடுதிக்குள் கழியும் நாளா, விடுதியின் வண்டியே கொண்டுசெல்லும் நாளா, ஒரே இடத்துக்குச் சென்று திரும்பும் நாளா, பல இடங்களைச் சுற்றும் நாளா என்று வகைப்படுத்தினால், கடைசி வகைக்கே கார் உண்மையில் தேவைப்படும். அவ்வகை நாள்களை அடுத்தடுத்து அமைத்து, அவற்றுக்கு மட்டும் வண்டியை அமர்த்துவது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். அவை பயணத்தின் பெரும்பகுதியானால் மட்டுமே முதல் நாளிலிருந்து கார் எடுப்பது நியாயமாகும்.

இம்முறையில் மற்றொரு மாற்றமும் அடங்கியுள்ளது. கார் குறித்த முடிவு அறையைப் பதிவு செய்த பின்னர் எடுக்கப்படுவது வழக்கம் என்று தொடக்கத்தில் குறிக்கப்பட்டது. அதற்குள் முடிவின் பாதி கையைவிட்டுப் போயிருக்கும். கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளே மலிவாகக் கிடைக்கும் அறையும், தோட்டத்துக்குள் தனித்து நிற்கும் விடுதியும் தம் வாடகையின் ஒரு பகுதியைப் போக்குவரத்துச் செலவாகக் குடும்பத்தின்மேல் ஏற்றிவிடுகின்றன. விலை கூடிய, ஆனால் நடந்து செல்லும் தொலைவில் கடற்கரையும் உணவகங்களும் உள்ள அறை, கார் வாடகையைச் சேர்த்துப் பார்க்கும்போது மலிவாக முடியலாம். அறையும் வண்டியும் ஒரே கணக்கின் இரு பகுதிகளாகையால், நாள்களை வகைப்படுத்தும் பட்டியலை முதலில் எழுதி, அறையையும் வண்டியையும் அதன் அடிப்படையில் சேர்த்தே தேர்ந்தெடுப்பதுதான் இக்கேள்விக்கு உரிய முறையாகும்.